எண்ணியதும் எழுதியதும்

ஒரு கலப்புக் கரும்புச் செடியின் குரோமோசோம் எண்ணிக்கையை ரெஜிஸ்டரில் 112 என்று எழுதியது நான்தான், எண்ணிக் கொடுத்த பெண் எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த மதியத்தை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் பேனா எப்படியோ அவள் கைக்குப் போய்விடுகிறது.

தாய் பழைய தடிக்கரும்பு, 80 குரோமோசோம். தகப்பன் நாணல், 64. இந்தக் கலப்பில் தாய் தன் 80-ஐயும் அப்படியே கொடுத்துவிடும், தகப்பன் பாதியாக 32 கொடுக்கும். ஆக 112. இந்தத் துறையில் இருப்பவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கரும்பு ஆராய்ச்சியாளர் பார்பர் கோயம்புத்தூரில் ‘வெள்ளை’ என்ற கரும்பையும் உள்ளூர் நாணலையும் சேர்த்து எடுத்த கோ 205 ரகத்துக்கும் இதே 112தான்.

அவள் கொண்டுவந்து வைத்தது பதினொரு செல்லின் மைக்ரோஸ்கோப் படங்கள், பிரிண்ட் எடுத்தது. ஒவ்வொரு குரோமோசோம் மேலும் சிவப்புப் பேனாவில் ஒரு புள்ளி, ஒவ்வொரு பத்தாவதுக்கும் பச்சை. ஓரத்தில் பென்சிலில் கூட்டுத்தொகை. ஐந்து செல்லில் 108. இரண்டில் 109, இரண்டில் 110. மீதி இரண்டில்தான் 112.

நான் ஒரு 108-ஐ எடுத்து இடது கீழ்மூலையைக் காட்டினேன். இரண்டு குரோமோசோம் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே கிடந்தன. அவள் ஒரே புள்ளி வைத்திருந்தாள்.

“இது ரெண்டும்மா.”

குனிந்து பார்த்தாள். “இருக்கலாங்க மேடம்.”

“இங்கயும் பாரு, ஒட்டிக்கிட்டு இருக்கு. 112 வரணும். இன்னொரு தடவை எண்ணு.”

அப்போதுதான் கேட்டாள்: “எத்தனைங்க மேடம் வேணும்?”

எத்தனை செல் வேணும் என்று கேட்டாளா, எத்தனை குரோமோசோம் வேணும் என்று கேட்டாளா? முகத்திலோ குரலிலோ ஒன்றும் தெரியவில்லை. நான் முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். “நல்ல செல் ரெண்டு இருந்தாப் போதும்.” 112 வந்த இரண்டும் மேலேயே இருந்தன. எழுதினேன்.

நான் செய்தது தப்பில்லை என்று எனக்கே பல தடவை நிரூபித்திருக்கிறேன். வேர்நுனியை ஸ்லைடில் வைத்து, கவர்ஸ்லிப் மூடி, ஃபில்டர் பேப்பருக்கு அடியில் கட்டைவிரலால் அழுத்துகிறோம். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் செல் உடைந்து இரண்டு மூன்று குரோமோசோம் வெளியே ஓடிவிடும். கரும்புக் குரோமோசோமோ பொடிப்பொடியாக இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டால் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே குறைந்த எண்ணை நம்பாதே, கூடிய எண்ணை நம்பு என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் கை தவறியதால் ஓடியவை என்றால் எண் சிதறியிருக்க வேண்டும். 106, 107, 109, 111 என்று வந்திருக்க வேண்டும். ஐந்து செல்லில் அதே 108 ஏன் வந்தது? பக்கத்துச் செல்லிலிருந்து ஒதுங்கி வந்தவை அந்த இரண்டு 112-இல் சேர்ந்திருக்கவும் கூடும். அதை நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. அந்த இரண்டு பிரிண்டில் மட்டும் ஒரு மூலையையும் நான் சுட்டிக்காட்டவில்லை.

பிரெமரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1920-களில் ஜாவாவில் கரும்பும் நாணலும் கலந்த காசோயர் என்ற கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர். கரும்பின் 80-இல் பாதி 40, அங்கத்து நாணலின் 112-இல் பாதி 56. கணக்குப்படி 96 வர வேண்டும். அவருக்கு வந்தது 136. கண்ணில் பட்டதை எழுதினார், கணக்கைத் திருத்தினார். தாய் தன் 80-ஐயும் முழுசாகக் கொடுத்திருக்கிறது என்பது அப்படித்தான் வெளியே வந்தது. அவர் கண்டுபிடித்த அதே கணக்கை வைத்துக்கொண்டு நான் கண்ணைத் திருத்தினேன்.

நாலு குரோமோசோம்தானே என்று விடவும் முடியாது. நாணலில் 40-இலிருந்து 128 வரை இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்று பாதி வழக்கு எண்ணை வைத்துத்தான் நடக்கிறது. ஒரு தொகுதிக்கு நாணலில் எட்டுக் குரோமோசோம், கரும்பில் பத்து என்று 1998-இல் தெளிவான பிறகு 64-உம் 80-உம் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்தன. இரண்டும் எட்டு மடங்கு. அந்தச் செடியில் உண்மையிலேயே நாலு குறைந்திருந்தால், போனது யார் பக்கத்துச் சொத்து? நாணலின் குரோமோசோம்களைத் தனி நிறத்தில் காட்டும் முறை இருக்கிறது. எங்களுக்கு அந்த வருஷம் அதற்குப் பணம் இல்லை. அடுத்த வருஷம் பணம் வந்தபோது செடி இல்லை, செவ்வழுகல் நோய் வந்து செத்துவிட்டது.

அவள் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாள். போன பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தாள். அன்றைக்கு எதைக் கேட்டாய் என்று டைப் செய்து அழித்துவிட்டேன். அவளுக்கு நினைவிருக்காது என்றுதான் அழித்தேன். நினைவிருந்தால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

போன மாதம் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். அவனுக்கு முதல் செட் கொடுக்கும்போது பெற்றோர் பெயரை எழுதாமல் பாட்டிலில் நம்பர் மட்டும் ஒட்டிக் கொடுத்தேன். மூன்று நாள் ஸ்கோப்பில் உட்கார்ந்தான். நாலாம் நாள் வந்து, “ரொம்ப ஏறிக் கிடக்குது மேடம், எங்க ரெண்டுன்னு வெக்கறது, எங்க ஒண்ணுன்னு வெக்கறதுன்னு தெரியல. பேரண்ட்ஸ் என்னன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்” என்றான்.

பிரிண்டை வாங்கிப் பார்த்தேன். நிஜமாகவே ஏறித்தான் கிடந்தது. சொன்னேன்.