அஞ்சு ஏக்கர், ஒரு செப்டிக் டேங்க், அப்புறம் எங்க மாமா

"எப்படி இருக்கு உங்க பண்ணை வீடு?"ன்னு யார் கேட்டாலும் மூணு வருஷமா "சூப்பரா இருக்கு"ன்னு ஒரே பதில்தான் சொல்லிட்டு இருக்கேன். பொய் இல்ல. ஆனா நிறைய விஷயத்த முழுங்கிட்டுதான் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி சிட்னில டூங்காபில ஒரு டவுன்ஹவுஸ். பக்கத்து வீட்டுல மிளகாய் தாளிச்சா எங்க ஹால்ல தும்முவோம், அப்படி ஒரு சுவர். எங்க வீட்டுக்காரர் கோபிசெட்டிபாளையத்துல தோட்டத்துலயே வளர்ந்தவர், அவருக்கு அந்த வீட்டுல மூச்சு முட்டும். ஞாயித்துக்கிழமை ஆனா கார எடுத்துட்டு ஓல்ட் நார்தர்ன் ரோட்ல டியூரல், க்ளெனோரி தாண்டி மரூட்டா வரைக்கும் சும்மா போயிட்டு வருவோம், ரோட்டோரம் ஆரஞ்சு பழக்கடை, வேலிக்குள்ள குதிரை, ஒவ்வொரு வீட்டுக்கும் கண்ணுக்கெட்டுன தூரம் புல்லு. அப்படி போயிட்டு வந்ததுதான் கடைசில வீட்டு லோன்ல போயி நின்னுச்சு.

இந்த மாதிரி இடத்துக்கு இங்க அக்ரேஜ்னு பேரு. நாங்க வாங்குனது அஞ்சு ஏக்கர், அதாவது ரெண்டு ஹெக்டேருக்கு ஒரு முடி கூட. அந்த ரெண்டு ஹெக்டேர்ங்கிறது சும்மா நம்பர் இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. குடியிருக்கிற வீட்ட வித்தா வர்ற லாபத்துக்கு ஆஸ்திரேலியால வரி கிடையாது, ஆனா அந்த சலுகை வீட்டோட சேர்ந்த ரெண்டு ஹெக்டேர் வரைக்கும்தான், மீதி நிலத்துக்கு கணக்கு போடுவாங்க. அந்த மிச்ச துண்டு எந்தப் பக்கம் இருக்குன்னு வீட்டுக்காரர் இன்னும் தேடிட்டு இருக்கார், அனேகமா பாம்பு இருக்கிற பக்கமா இருக்கும்.

வாங்கும்போது நாங்க பாத்தது வியூ. பாக்க வேண்டியது வேற. பில்டிங் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் நாப்பது பக்கம் இருந்துச்சு, கதவு கீச்சுங்கிறது வரைக்கும் எழுதியிருந்தாங்க, செப்டிக் பத்தி மட்டும் ஒரே வரி, "பரிசோதிக்கப்படவில்லை". நாங்களும் சரின்னு கையெழுத்து போட்டுட்டோம். இந்த ஸ்டேட்ல வீடு வாங்குனா சாதாரணமா அஞ்சு வேலை நாள் மனசு மாத்திக்க டைம் தருவாங்க, ஏலத்துல எடுத்தா அதுவும் இல்ல. நாங்க ஏலம். ஏலத்துக்கு முன்னாடியே தனியா ஒரு செப்டிக் ஆள கூட்டிட்டு போயி மூடிய தொறந்து பாத்திருக்கணும்.

எங்க தெருவுக்கு பாதாள சாக்கடை கிடையாது, பைப் தண்ணியும் கிடையாது. அஞ்சு ஏக்கர் வாங்குனா கூடவே ஒரு பஞ்சாயத்தும் இலவசமா வரும், தண்ணி சப்ளை, சாக்கடை, தீயணைப்பு எல்லாத்துக்கும் நாமதான் தலைவர், நாமதான் வாட்ச்மேன். கூரைல விழுற மழைதான் குடிக்க, குளிக்க எல்லாத்துக்கும். ஒரு சதுர மீட்டர் கூரைல ஒரு மில்லிமீட்டர் பெஞ்சா ஒரு லிட்டர், எங்க கூரை முந்நூறு சதுர மீட்டர், பத்து மில்லிமீட்டர் பெஞ்சா மூவாயிரம் லிட்டர்ங்கிற கணக்கு என் பத்து வயசு பொண்ணுக்கு மனப்பாடம். ரெண்டு டேங்க் சேர்த்து 90,000 லிட்டர், அதுல 20,000 தீயணைப்பு வண்டிக்குன்னு ஒதுக்கி வெச்சது, தொடக்கூடாது. அவங்க ஹோஸ் மாட்டுறதுக்குன்னே டேங்க்ல 65 மில்லிமீட்டர் வாய் ஒண்ணு தனியா இருக்கு. வறண்டா தண்ணி லாரிக்கு போன் பண்ணணும். மெட்ராஸ்ல இருந்து தப்பிச்சு இவ்ளோ தூரம் வந்து மறுபடியும் தண்ணி லாரி.

போன டிசம்பர்ல மாமாவும் அத்தையும் ஊர்ல இருந்து வந்தாங்க. மாமா கார விட்டு எறங்குனதும் வீட்டுக்குள்ள கூட வரல, செருப்போட நேரா பூமிய சுத்தி வந்துட்டு கேட்டார், "ஏங்கண்ணு, இத்தன பெரிய பூமில ஒரு கெணறு கூட இல்லையா?"

"இல்லீங்க மாமா. போர் போடறதுன்னாலும் அனுமதி வாங்கணுமுங்க."

"தென்ன?"

"இந்தக் குளிருக்கு காய்க்காதுங்க மாமா."

அவர் ஒண்ணும் பேசல. வேலியோரம் மண்டிக் கெடந்த உண்ணிச்செடிய மட்டும் பாத்து "இது இங்கயும் வந்துருச்சா"ன்னார். அடுத்த நாள் காலைல ஆறு மணிக்கு கைல உறை மாட்டிட்டு அத வேரோட புடுங்க ஆரம்பிச்சுட்டார். நாங்க மூணு வருஷமா ஸ்ப்ரே, மெஷின்னு செலவு பண்ணியும் போகாதது. பால் ரேட்டிங்னு இங்க ஒண்ணு இருக்கு, காட்டுத்தீ வந்தா வீட்டுக்கு எவ்ளோ ஆபத்துங்கிற அளவு, எங்க வீட்டுக்கு 29. அத சொன்னதும் மாமா "எத்தன மாடு?"ன்னு கேட்டார், இன்னிக்கு வரைக்கும் சிரிப்போம்.

பொங்கலுக்கு முப்பது பேர கூப்பிட்டிருந்தோம். டவுன்ஹவுஸ் காலத்துல எலக்ட்ரிக் அடுப்புல குக்கர் பொங்கல்தான், இங்க வாசல்ல மூணு கல்லு கூட்டி விறகுல வைக்கணும்னு அத்தைக்கு ஆசை, பித்தளைப் பானைய ஊர்ல இருந்து சூட்கேஸ்ல தூக்கிட்டு வந்திருந்தாங்க. நம்ம ஊர்ல தை குளிருக்கு இதமா இருக்கும், இங்க ஜனவரின்னா உச்சி கோடை. மொத நாள் சாயங்காலமே அறிவிப்பு வந்துருச்சு, நாளைக்கு டோட்டல் ஃபயர் பேன், வெளில நெருப்பே மூட்டக் கூடாது.

மாமாவுக்கு அது பிடிபடவே இல்ல. "சொந்த பூமில அடுப்பு மூட்டறதுக்கு கவர்மெண்ட்ட கேக்கோணுமா?" நான் 2019ல சிட்னிக்கு வடமேற்க காஸ்பர்ஸ் மவுண்டன் காட்டுத்தீ அஞ்சு லட்சம் ஹெக்டேருக்கு மேல எரிஞ்சத சொன்னேன், மின்னல் விழுந்து ஆரம்பிச்சது, ரெண்டு மாசத்துக்கு மேல எரிஞ்சுதுன்னு. அவர் ஏக்கர்ல எவ்ளோன்னு கேட்டார், பன்னெண்டு லட்சத்துக்கு மேலன்னேன். அதுக்கப்புறம் கல்ல அவரே எடுத்து ஓரமா வெச்சுட்டார். பொங்கல் கேஸ் பார்பெக்யூல பொங்குச்சு, வீட்ட ஒட்டி, பக்கத்துல தண்ணி ஹோஸோட. பொண்ணு பொங்கலோ பொங்கல்னு கத்துன கத்துல மரத்துல இருந்த காக்கட்டூ கிளி அத்தனையும் அதுக்கு மேல கத்துச்சு.

மூணு மணிக்கு செப்டிக் பெட்டில செவப்பு லைட், கூடவே கீகீன்னு ஒரு சத்தம். நம்மளது காத்து ஊதி கழிவ சுத்தம் பண்ணி புல்லுக்கு தெளிக்கிற சிஸ்டம், மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஆள் வந்து பாக்கணும், ப்ளீச் ஊத்தக்கூடாது, அஞ்சு பேருக்கான அளவுல முப்பது பேர் உக்காரக்கூடாது. யாரும் பாத்ரூம் போகாதீங்கன்னு விருந்தாளிகிட்ட எப்படிங்க சொல்றது? வீட்டுக்காரர் சொன்னார், வேற வழியில்லாம, இலையில இருக்கும்போதே. பாதி பேர் நாலு மணிக்கே கெளம்பிட்டாங்க.

எச்சில் பாத்திரம் மலையா கெடந்துச்சு. அஞ்சரைக்கு தெக்க இருந்து காத்து திரும்புச்சு, வானம் கருத்து, இடி இடிச்சு, சரியான மழை. தகரக் கூரைல அந்த சத்தம் கேட்டாலே எனக்கு மூவாயிரம், ஆறாயிரம்னு லிட்டர் கணக்கு ஓட ஆரம்பிச்சுடும். அடுத்த நிமிஷம் கரண்ட் போச்சு. கரண்ட் போனா பம்ப் போச்சு, பம்ப் போனா வீட்டுக்குள்ள ஒரு குழாய்லயும் தண்ணி வராது. டேங்க் ரொம்பி வழியுது, கைல பொங்கல் பிசுக்கு, குழாய தொறந்தா உஸ்ஸுன்னு காத்து.

வீட்டுக்காரர் போன் வெளிச்சத்துல ஜெனரேட்டர் புத்தகத்த தேடிட்டு இருந்தார். மாமா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு மழைலயே வெளில போனார். டேங்க் அடில தோட்டத்துக்குன்னு ஒரு குழாய் இருக்கு, பம்ப் வேண்டாம், தொறந்தா தானா கொட்டும், மூணு வருஷத்துல நாங்க அத தொட்டதே இல்ல. அங்க இருந்து கூப்பிட்டார், "ஏங்கண்ணு, வாளி இருக்குதா, இல்ல அதுக்கும் அனுமதி வாங்கோணுமா?"