எலிகளின் ஈத்தில் குட்டிகளைக் கூட்டிய அனுபவம்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பிறந்து ஓரிரு நாளே ஆன எலிக்குட்டிகள் தொடர்ந்து தேவைப்படும். அவற்றின் இதயத் திசுவிலிருந்துதான் செல் வளர்க்கிறோம். ஆய்வுக்கூடங்களில் பரவலாக வளர்க்கும் விஸ்டார் வகை எலியிலிருந்து பிரிந்து எங்களிடம் மட்டுமே இருக்கும் தனி வம்சம் என்பதால் வெளியே விலைக்கு வாங்கவும் வழியில்லை. கொஞ்சம் ஜோடிகளை வைத்துத் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக அவற்றுக்குள்ளேயே இணை சேர்த்து வந்ததில், ஈத்துக்கு, அதாவது ஒரு பிரசவத்துக்கு, ஆறேழு குட்டி வந்தாலே நிம்மதி என்ற நிலைக்கு இறங்கிவிட்டது. சாதாரண விஸ்டார் பெட்டை பத்து, பன்னிரண்டு போடும். ஈத்து சிறுத்தால் அதே வேலைக்குக் கூடுதல் தாய் எலிகள், கூடுதல் கூண்டுகள், கூடுதல் உயிர்கள். அதைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ரொம்ப நாளாகவே இருந்ததால், பொறுப்பு என்னிடம் வந்தபோது உடனே ஒப்புக்கொண்டேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. சிங்கப்பூரில் ஆய்வு விலங்குகளுக்கு 2004-இல் சட்ட விதிகளும் தேசிய வழிகாட்டு நெறிகளும் வந்துவிட்டன. உரிமம் பெற்ற இடத்தில், பயிற்சி முடித்தவர்கள், விலங்குப் பராமரிப்புக் குழு ஒப்புக்கொண்ட திட்டப்படி மட்டுமே செய்ய முடியும். 2019-இலிருந்து இதெல்லாம் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவின் கீழ் வருகிறது. எங்கள் குழு இரண்டு கேள்வி கேட்டது. மிஞ்சும் குட்டிகளை என்ன செய்வீர்கள், ஒரு தாயால் எத்தனை குட்டிக்குப் பால் கொடுக்க முடியும்? இரண்டாவது கேள்விதான் மொத்த வேலையையும் தீர்மானித்தது. எலிக்கு ஆறு ஜோடி, அதாவது 12 காம்பு. பதினெட்டுக் குட்டி போடும் பெட்டையை உருவாக்கி என்ன பயன்?

எனக்கு வேலை பழக்கிய அக்கா ஒருவர் உண்டு. இந்தத் துறையில் பல வருஷம் ஊறியவர். திட்டத்தைக் காட்டியதும், "முதல்ல புது ரத்தம் கொண்டு வா, அப்புறம் பொறுக்கலாம்" என்றார். அதுதான் சரி. நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருகிய கூட்டத்தில் பொறுக்கி எடுக்க வேறுபாடே மிஞ்சியிருக்காது, எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். உறவில்லாத விஸ்டார் ஆண்களை வாங்கி, தனியாக வைத்து நோய் பரிசோதனை முடித்து, எங்கள் பெட்டைகளுடன் சேர்த்தோம். அந்தக் கலப்பில் பிறந்த பெட்டைகள் தாயானபோது ஈத்து கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடியது. ஆனால் கலப்பினால் வரும் இந்தத் தெம்பு, திரும்ப உறவுக்குள்ளேயே சேர்த்தால் கரைந்துவிடும். அதனால் அதற்குப் பிறகு அண்ணன் தங்கையைச் சேர்ப்பதே இல்லை, எந்த ஆண் எந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும் என்பது சுழற்சி முறையில் அட்டவணையாகவே சுவரில் ஒட்டியிருக்கிறது.

அடுத்தது பொறுக்கு, அதாவது அதிகம் ஈனும் குடும்பங்களின் எலிகளைத் தேர்ந்தெடுத்து இணை சேர்ப்பது. இங்கேதான் பலர் பொறுமை இழப்பார்கள் என்று நினைக்கிறேன். ஈத்தின் அளவு மரபுவழி இறங்குவது மிகக் குறைவு, வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கோ அதைவிடச் சற்றுக் கூடவோதான் மகளுக்குப் போகும். மீதியெல்லாம் தாயின் வயது, எடை, தீனி, கூண்டின் நிலை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சராசரியைவிட மூன்று குட்டி அதிகம் போட்ட பெட்டைகளையே தேர்ந்தெடுத்தாலும், ஆண்களைச் சும்மா எடுத்தால், மரபில் பாதி தந்தையுடையது என்பதால், அந்த மூன்று ஒன்றரையாகிவிடும், அதில் பத்திலொரு பங்கு என்றால் ஒரு தலைமுறைக்குக் கிடைப்பது 0.15 குட்டி. ஆண் எலி ஈனாது, ஆனாலும் அதன் அம்மாவும் சகோதரிகளும் எப்படி ஈன்றார்கள் என்று பார்த்து ஆணையும் பொறுக்கினால்தான் கணக்கு கொஞ்சம் உயரும். தனி எலியைப் பார்க்காமல் குடும்பத்தைப் பாருங்கள். தலையீத்து பெரும்பாலும் சிறியது, அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நாங்கள் முதல் இரண்டு ஈத்தின் சராசரியைத்தான் எடுக்கிறோம். இதனால் தலைமுறை நீளும், பரவாயில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை எடின்பரோவில் டக்ளஸ் ஃபால்கனர் சுண்டெலிகளில் கண்டு 1960-இல் எழுதினார். பெரிய ஈத்தில் பிறந்த மகள்கள் நெருக்கியடித்து வளர்வதால் உடல் சிறுத்துப் போகிறார்கள். சிறுத்த உடலில் கருமுட்டை குறைவாக வெளிவரும், ஆகவே அவர்கள் ஈத்தும் சிறுக்கும். அதாவது மரபணு மேலே தள்ள, வளர்ப்பு கீழே இழுக்கும். இதைச் சரிசெய்யாமல் பெரிய ஈத்தின் மகள்களைப் பொறுக்கிக்கொண்டே போனால் நின்ற இடத்திலேயே நிற்போம்.

அதற்கு வழி, பிறந்த ஒரு நாளுக்குள் எல்லாத் தாய்க்கும் சம எண்ணிக்கையில் குட்டிகளைப் பிரித்துக் கொடுப்பது. நாங்கள் எட்டு என்று வைத்தோம். காலையில் வந்ததும் முதல் வேலை, பிறந்ததை எண்ணுவது. தாமதித்தால் இறந்து பிறந்தவற்றைத் தாய் தின்றுவிடும், கணக்கு பொய்யாகும். தாயைத் தனிக் கூண்டுக்கு மாற்றி, கையுறையை அவள் படுக்கைத் தூளில் தேய்த்து, மாற்றுக் குட்டியையும் அதிலேயே புரட்டி, அவள் குட்டிகளின் நடுவில் வைத்துவிட்டுத் தாயைத் திரும்ப விட வேண்டும். ஒன்றிரண்டு நாளுக்குள் ஈன்ற தாய்களுக்கிடையில்தான் இது நன்றாக நடக்கும். எந்தக் குட்டி யாருடையது என்று பச்சை குத்திக் குறி போட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மறுநாள் வயிற்றைப் பாருங்கள், தோல் வழியே பால் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் தாய் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். அதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

பொறுக்கி எடுக்காத எலிகளையும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டுப்பாட்டுக் கூட்டமாக அதே அறையில் வைத்திருங்கள். கூண்டு வீணாகிறது என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கத்து மனையில் அடித்தளத் தூண் இறக்கும் பைலிங் வேலை நடந்த மாதங்களில் எங்கள் ஈத்து சரிந்தது, அதிர்வு தாங்காமல் சில தாய்கள் குட்டிகளைத் தின்றன. கட்டுப்பாட்டுக் கூட்டமும் அதே அளவு சரிந்ததால்தான் பொறுக்கியதில் கோளாறு இல்லை என்று தெரிந்தது. இல்லாவிட்டால் நல்ல குடும்பங்களையே கழித்திருப்போம்.

பலன்? கலப்பில் வந்த ஏற்றத்தோடு ஒப்பிட்டால் பொறுக்கினதில் வந்தது மெதுவானது, ஆனால் கட்டுப்பாட்டுக் கூட்டத்தைவிட மேலே நிற்கிறது. ஜெர்மனியில் டம்மர்ஸ்டோர்ஃபில் சுண்டெலிகளின் ஈத்தை இரு மடங்காக்க நூறு தலைமுறைக்கு மேல் பொறுக்கியிருக்கிறார்கள், அதை நினைத்தால் எங்கள் வேகம் ஒன்றும் மோசமில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு குட்டிகளின் பிறப்பு எடை குறையத் தொடங்கியது. அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "பொறந்தத எண்ணாதே, பொழைச்சத எண்ணு." குழுவிடம் திருத்தம் கேட்டு, பிறந்த எண்ணிக்கையின் இடத்தில், 21-ஆம் நாள் பால் மறக்கும்போது தாயோடு இருக்கும் குட்டிகளின் மொத்த எடையைத் தேர்வு அளவாக வைத்திருக்கிறோம். இந்தத் தலைமுறையின் இரண்டாம் ஈத்துகள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கின்றன, அந்த எடைகள் சேர்ந்ததும் எந்தக் குடும்பங்களை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வோம்.