எங்க வம்சமே குட்டைதான் டீச்சர்

அங்கன்வாடி வேலைக்கு வந்து 26 வருஷம் ஆச்சு. வந்த புதுசுல எடை மட்டும்தான், சால்டர் தராச மேல கட்டி புள்ளைய தொங்க விட்டு சார்ட்ல ஒரு புள்ளி வச்சா முடிஞ்சுது. உயரத்த எங்க கிட்ட யாரும் கேட்டதே இல்ல. 2018ல போஷன் அபியான்னு மத்திய அரசோட ஊட்டச்சத்து திட்டம் வந்தப்புறம்தான் உயரம் அளக்கற ஸ்டேண்டு சென்டருக்கு வந்துச்சு. 2 வயசு வரைக்கும் படுக்க வச்சு அளக்கணும், அதுக்கு மேல நிக்க வச்சு, குதிகால் பலகைல ஒட்டணும், முட்டி மடங்கக் கூடாது, புள்ளைங்க எங்க சும்மா நிக்குதுங்க, ஆயா கால புடிச்சுக்க நான் தலைய புடிச்சுக்குவேன்.

2023ல ஒரு நாள் ரெண்டு பொண்ணுங்கள அளந்தேன், ரெண்டுக்கும் 4 வயசு, ஒரே மாசத்துல பொறந்ததுங்க. ஒண்ணு கவர்மென்ட் வாத்தியார் வீட்டு பொண்ணு, 104 செமீ. இன்னொண்ணு செங்கல் சூளைக்கு போற வீட்டு பொண்ணு, 91. அந்த வயசுக்கு 102, 103 இருக்கணும், 94க்கு கீழ போனாலே வளர்ச்சி குறைவுன்னு கணக்கு. பக்கத்துல நிக்க வச்சா அக்கா தங்கச்சின்னுதான் சொல்லுவாங்க. சூளைக்கார பொண்ணோட அம்மா, "எங்க வம்சமே குட்டைதான் டீச்சர், அவங்க அப்பாவும் குட்டை"ன்னா.

இத நானும் ரொம்ப வருஷம் நம்பினவதான். அப்புறம் ஒரு ட்ரெயினிங்ல சொன்னாங்க, நாங்க வச்சு பாக்கற அந்த உலக சுகாதார நிறுவன சார்ட் 2006ல வந்தது, 6 நாட்டு புள்ளைங்கள அளந்து போட்டது, அதுல நார்வே புள்ளையும் இருக்கு நம்ம டெல்லி புள்ளையும் இருக்கு, வசதியா நல்லா வளக்கற வீட்ல பொறந்ததுங்க எல்லா நாட்டுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளந்துச்சாம்.

அப்போ வம்சம்னு சொல்றது என்ன? அந்த அம்மாவே என் சென்டர்ல வளந்தவதான், தராசுல தொங்க விட்டு எடை பாத்தவ நான். தை பொறந்தா அப்பா அம்மாவோட சூளைக்கு போயிடுவா, ஆடியில திரும்பி வர்றப்ப போனதுக்கு பாதியா இருப்பா. 17 வயசுல கல்யாணம். வயித்துல புள்ளையோட சூளைல கல்லு அறுத்தா, புள்ள 2 கிலோ 100 கிராம். சூளைல கக்கூஸ் கிடையாது, கிடைச்ச தண்ணிதான் குடிக்கணும், புள்ளைக்கு மாசத்துக்கு ஒரு தடவ பேதி, ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டது உடம்புல ஒட்டாம போய் வளர்ச்சி நின்னுடும். சத்துமாவு பாக்கெட் ஒரு புள்ளைக்குன்னு நான் குடுப்பேன், கஞ்சி காய்ச்சினா வீட்டுக்கே ஊத்தணும், அவள என்னன்னு சொல்றது.

2019-21 தேசிய குடும்ப நல சர்வேல நாடு முழுக்க ரொம்ப ஏழ்மையான வீட்டு புள்ளைங்கள்ல 100க்கு 46 பேர் வயசுக்கேத்த உயரம் இல்லையாம். வசதியான வீட்லயும் 23ன்னு பாத்தப்ப எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. யோசிச்சு பாத்தா, காசு இந்த தலைமுறைலதானே வந்துச்சு, அம்மா வளந்தது பாட்டி காலத்து கஞ்சிலதானே, அதுவும் ஒரு காரணமாத்தான் இருக்கணும்.

அன்னிக்கு அந்த அம்மாவையும் ஸ்டேண்டுல நிக்க வச்சேன். 143.

போன வருஷம் ரெண்டாவது உண்டானப்ப அவ சூளைக்கு போகல. நான் புத்தி சொன்னதால இல்ல, சூளைல வாங்கின முன்பணம் ஒருவழியா அடைஞ்சு வீட்டுக்காரருக்கு டவுன்ல கட்டட வேலை கிடைச்சுது, அதனால. புள்ள 2 கிலோ 800. இப்ப 6 மாசம், போன வாரம் படுக்க வச்சு அளந்தேன், 65 செமீ, சரியா இருக்கு. "நல்லா பாத்தீங்களா டீச்சர்"ன்னு கேட்டா, இன்னொரு தடவ அளந்து காமிச்சேன்.

பெரியவ இப்ப ஒண்ணாவது படிக்கறா. ப்ரேயர்ல உயரப்படி நிக்க வைப்பாங்க, இவதான் முதல் ஆளு.