மைக்கை அழுத்திப் பேசுகிற பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது?

ஆசிரியர் பயிற்சிக் கூட்டம் எதற்குப் போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் பிறக்கும்போதே தெரியும் சார், நாமதான் மாறணும்." ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் பாதிதான் உண்மை. போனில் அவர்கள் விரல் ஓடுகிற வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாதுதான். ஆனால் அதே பையனைப் பள்ளியின் ஹைடெக் லேபில் கணினி முன் உட்காரவைத்து, அரைப் பக்கம் டைப் செய்து, அதற்கு ஒரு பெயர் கொடுத்து, ஒரு ஃபோல்டரில் சேமித்துவிட்டு, நாளைக்கு வந்து அதைத் திறந்து காட்டு என்று சொல்லிப் பாருங்கள். "சேவ் பண்ணேன் சார், எங்க போச்சுன்னு தெரியல" என்பான். போனில் எல்லாம் தானாகச் சேமிப்பாகிவிடுகிறது, எடுத்த படம் கேலரியில் இருக்கிறது, ஃபோல்டர் என்ற ஒன்று அவனுக்கு எதற்கு? தமிழில் எதையாவது தேடவேண்டுமென்றால் மைக்கை அழுத்திப் பேசிவிடுகிறார்கள், நண்பனுக்குச் செய்தி அனுப்ப ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டிவிடுகிறார்கள். ஆக, ழகரமா ளகரமா என்று யோசிக்கிற அவசியம் பரீட்சைத் தாளில் மட்டும்தான் வருகிறது.

இந்தத் தலைமுறையின் மூளையே வேறு, பள்ளிக்கூடம்தான் அதற்கேற்ப மாறவேண்டும் என்ற பேச்சைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் மார்க் பிரென்ஸ்கி, 2001இல். பல நாட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணினி முன் உட்காரவைத்து 2018இல் நடத்திய ஐசிஐஎல்எஸ் என்ற கணினித் திறன் ஆய்வு வேறு மாதிரி சொன்னது. சாதனத்தோடு வளர்ந்ததால் மட்டும் திறமை வந்துவிடுவதில்லை. ஒரு தகவலை நம்பலாமா என்று தானே எடைபோடுகிற மேல்நிலையை எட்டியவர்கள் வெறும் 2 சதவீதம். நம் நாட்டு நிலவரத்துக்கு, கிராமப்புறக் கல்வி நிலையைச் சொல்லும் அசர் அறிக்கை இருக்கிறது, 2024ஆம் ஆண்டுக்கானது. கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுக்குள் இருப்பவர்களில் 82 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும். அப்படித் தெரிந்தவர்களில் அதற்கு முந்தைய வாரம் படிப்புக்காகத் தொட்டவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். வகுப்பறையில் நிற்கிற எவருக்கும் இது அதிர்ச்சியாக இருக்காது.

தமிழ்நாட்டில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடு (கியூஆர் கோடு) அச்சிட்டார்கள், 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது, அப்புறம் பாடங்களுக்கான மணற்கேணி செயலி. எல்லாம் உழைத்துச் செய்த வேலைகள். ஆனால் இவற்றில் பெரும்பகுதி வீடியோ. வீடியோவுக்கா இந்தப் பிள்ளைகளுக்குப் பஞ்சம்? ஸ்மார்ட் போர்டில் பத்து நிமிடப் பாட வீடியோவைப் போட்டால் மூன்றாவது நிமிடத்தில் பின்பெஞ்சிலிருந்து "ஸ்பீடா ஓட்டுங்க சார்" என்று குரல் வருகிறது. இப்போதெல்லாம் வீடியோவைப் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதவைத்துவிட்டுத்தான் மீதியை ஓட்டுகிறேன். எழுதியது சரியா தப்பா என்று பார்ப்பதற்காகவாவது நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஒரு தகவலை நம்பலாமா என்று எடைபோடக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு நன்றாகக் கைகொடுத்தது தீபாவளிப் படம். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் கட்டாயம் வந்திருக்கும்: இந்திய வரைபடம் முழுக்க வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என்று மின்னும், "தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நாசா எடுத்த படம்" என்று கீழே போட்டிருக்கும். அதை போர்டில் காட்டி உண்மையா என்று கேட்டேன். கிட்டத்தட்ட வகுப்பே உண்மை என்றது. ஏன் என்றால், நாசா என்று போட்டிருக்கிறதே. சரி, விளக்கு வெளிச்சம் ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டதும் கொஞ்சம் சலசலப்பு. பட்டாசு சார், மத்தாப்பு சார். அப்படியானால் கடலோரம் ஏன் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது, அன்றைக்கு இந்தியா முழுக்க ஒரு மேகம்கூட இல்லையா? இதற்குப் பதில் வரவில்லை. அதன் பிறகுதான் தேடவிட்டேன்.

தேடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் செய்தி சரிபார்க்கும் தொழிலில் இருப்பவர்களையும், ஒரு இணையப் பக்கத்தை நம்பலாமா என்று எப்படி முடிவுசெய்கிறார்கள் என ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படித்த பேராசிரியர்களே பலர் அந்த ஒரே பக்கத்தை உற்று உற்றுப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ உடனே பிரவுசரில் வேறு டேபைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கப் போய்விட்டார்கள். இதை நான் பசங்களுக்கு "வந்த ஆளைப் பற்றி அவரிடமே கேட்காதே, தெருவில் விசாரி" என்று சொல்லிவைத்திருக்கிறேன். விசாரித்தார்கள். படத்தின் மூலம் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, செய்தவர் கிறிஸ் எல்விட்ஜ் என்ற விஞ்ஞானி. பல ஆண்டுச் செயற்கைக்கோள் தரவுகளை ஒன்றாகச் சேர்த்த படம் அது. வெள்ளை ஏற்கெனவே இருந்த விளக்குகள். நீலம் 1992இலும் பச்சை 1998இலும் சிவப்பு 2003இலும் புதிதாகத் தெரிந்தவை. அதாவது நாட்டில் ஊர்கள் வளர்ந்த கதை. தீபாவளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2012 நவம்பரில் தீபாவளியை ஒட்டி சுவோமி என்பிபி செயற்கைக்கோள் எடுத்த நிஜப் படத்தையும் நாசா வெளியிட்டிருக்கிறது. பண்டிகை விளக்கால் கூடுகிற வெளிச்சம் விண்வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்குக் குறைவு என்ற குறிப்போடு. அன்று மாலை பல வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும் கொஞ்சம் சங்கடப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, கையால் செய்து பார்ப்பது. மின்னோட்டப் பாடத்துக்கு ஃபெட் என்ற கொலராடோ பல்கலைக்கழகத்தின் பாவனைச் செயலி அருமையாக இருக்கிறது, இலவசம். பேட்டரி, பல்பு, கம்பி எல்லாவற்றையும் இழுத்துவிட்டு இணைத்தால் எலக்ட்ரான் ஓடுவதே தெரியும். கம்பியைக் குறுக்கே போட்டால் தீப்பற்றும், அதை மட்டுமே மறுபடி மறுபடி செய்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் நான் முதலில் நிஜ பேட்டரியையும் டார்ச் பல்பையும்தான் கொடுக்கிறேன், அதற்குப் பிறகுதான் திரை. காரணம், திரையில் பல்பு எப்போதும் எரிந்துவிடும். நிஜத்தில் எரியாது! கம்பியின் முனையைச் சுரண்டவில்லை, பேட்டரி தீர்ந்துபோச்சு, டேப் சரியாக ஒட்டவில்லை. எரியாததும் பல்பை இரண்டு விரலால் தட்டிவிட்டு "லோட் ஆகல சார்" என்றாள் ஒரு பெண். வகுப்பே சிரித்தது, அவளும்தான். ஆனால் எங்கே விட்டுப்போச்சு என்று ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு போகிற அந்தப் பத்து நிமிடம்தான் பாடம். தொடரிணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால் மற்றது ஏன் அணைகிறது என்பதை அதன் பிறகு விளக்கவே தேவைப்படவில்லை.

வீட்டுப்பாடத்தைப் போனில் அனுப்பும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், ராத்திரி வந்தாலும் முதலில் அண்ணன் கைக்குத்தான் போகும். பெண் பிள்ளைகள் காலையில் வந்துதான் வீட்டுப்பாடத்தை போர்டைப் பார்த்து அவசரமாக எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தாலே விஷயம் புரியும்.

ஏஐ பற்றியும் கேட்பீர்கள். "நிச்சயமாக! இதோ நீங்கள் கேட்ட கட்டுரை" என்ற முதல் வரியையும் சேர்த்தே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். திட்டிப் பயனில்லை. இப்போது ஏஐ எழுதிய பதிலை நானே அச்செடுத்துக் கொடுத்து, பாடநூலை வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் திருத்தி மதிப்பெண் போடச் சொல்கிறேன். அதற்கு மதிப்பெண் குறைப்பதில் அவர்களுக்கு அப்படியொரு சந்தோஷம், நான்கூட இவ்வளவு கறார் கிடையாது. அடுத்ததாக, திருத்திய பதிலைத் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு விசைப்பலகை முறையில் அவர்களே தட்டவேண்டும் என்பது திட்டம். வாரம் ஒரு லேப் பீரியட்தான் கிடைக்கும் போலிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொடுத்த அனுபவம் யாருக்காவது இருந்தால், அந்த ஒரு பீரியட் போதுமா, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லுங்கள்.