புகை மணத்த கொப்பி

நம் பழைய மாணவர் சங்கத்தின் மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டார்கள். அட்டன் மழை, கன்டீன் ரோல்ஸ், இல்ல விளையாட்டுப் போட்டி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நம் கல்லூரி என்றதும் எனக்கு முதலில் வருவது ஒரு மணம். மண்ணெண்ணெயும் விறகுப் புகையும் கலந்த மணம். என் பெஞ்சில் இடப்பக்கம் இருந்தவனுடைய கொப்பிகளில் அது எப்போதும் இருக்கும்.

1984இல் ஆறாம் வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்தோம். இலங்கை மலையகத்தில் ஒரே தேயிலைத் தோட்டம். என் அப்பா கணக்கப்பிள்ளை. எங்களுக்குக் குவாட்டர்ஸ், கரண்ட், வீட்டுக்குள்ளேயே பைப் தண்ணீர். அவன் வீடு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே, தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடான பத்துக் காம்பரா லயத்தில். கணக்கில் அவனை யாரும் நெருங்க முடியாது. பின்னக் கணக்கை வாயாலேயே செய்துவிடுவான்.

ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி ஓர் இஸ்தோப்பு, அதன் மூலையில் அடுப்பு. ஏழு பேர் இருந்தார்கள். முதுகோடு முதுகாக இன்னொரு வரிசைக் காம்பராக்கள் ஒட்டியிருந்ததால் பின்பக்கம் ஜன்னலுக்கு வழியில்லை, பகலிலும் இருட்டு. தகரப் பெட்டி ஒன்றின் மேல் குப்பி விளக்கு. அந்தப் பெட்டிதான் அவன் மேசை. மற்றவர்கள் படுத்துவிட்டால் கால் நீட்ட இடமிருக்காது, குந்தியபடியே எழுதுவான்.

அவன் அம்மா என்னைப் பார்த்து, "உள்ளுக்கு வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். அவனிடம், "டேய், தம்பிக்குப் பாயை எடுத்துப் போடுடா" என்றார். இருவருக்கும் பதினொரு வயது. அந்த 'வாங்க' அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. இன்று நினைத்தால் மனம் கூசுகிறது.

ஓர் ஆசிரியர் அவன் கொப்பியில் சிவப்பு மையால் 'சுத்தம் போதாது' என்று எழுதுவார். விடைகள் எல்லாம் சரியாக இருக்கும். பக்க ஓரத்தில் கரி படிந்திருக்கும், அவ்வளவுதான். எனக்கு 'மிக நன்று'. என் கையெழுத்து அழகானது மேசையாலும் பல்பாலும் என்று எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லவில்லை. அவன் தன்னிடம்தான் குறை என்று நம்பினான்.

நாங்கள் சேர்ந்த அதே வருடம் ஏப்ரலில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான், ஆணுக்குக் கொடுத்த நாள் சம்பளம் பெண்ணுக்கும் கிடைத்தது. அதுவரை அவன் அம்மா அதே மலையில், அதே மழையில் அட்டைக்கடியோடு கொழுந்தெடுத்து, குறைந்த சம்பளம் வாங்கியிருக்கிறார். கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அவன் அம்மாவுக்குப் பிரசவ வலி வந்தது. தோட்டத்தில் இருந்தது மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி மட்டும். ஆஸ்பத்திரிக்குப் போக லொறி வேண்டும். லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. கொழுந்தை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இறக்கிவிட்டுத்தான் வந்தது. தாய் பிழைத்தார், பிள்ளை தங்கவில்லை. அவன் அந்தத் தவணைப் பரீட்சைக்கு வரவில்லை. அடுத்த தவணை பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. கொழும்பில் கடை வேலை. அவன் அப்பா என் அப்பாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "படிச்சாலும் கவர்மென்டு வேலைக்குப் பிரஜாவுரிமை கேப்பாங்களே ஐயா." 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கி நாற்பது வருடமாகப் போகிற நேரம் அது. 1988இல் சட்டம் மாறி நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தபோது அவன் அரிசிக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். நான் சாதாரண தரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். சில தோட்டங்களில் ஏழு பேர்ச் (நில அளவு) காணியில் தனி வீடுகள் எழுந்திருப்பதைப் பார்த்து உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அவன் குடும்பம் இன்னும் அதே லயத்தில்தான். கரண்ட் வந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர். நம் வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்கள் யாரென்று நினைத்துப் பாருங்கள்.

சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். நாம் அனுப்பும் உதவிப்பணம் உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போனவர்களுக்குக் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் அவனைப் போன்ற ஒருவன் அந்தப் பட்டியலில் வரவே மாட்டான். அதற்கு முன்பே போய்விடுவான். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பஸ் காசும் பகல் சாப்பாடும் கொடுப்போம். வீட்டில் வருத்தம், துன்பம் என்று ஒரு பிள்ளை இரண்டு வாரம் வராவிட்டால், போய் விசாரித்து வர ஓர் ஆளையும் ஏற்பாடு செய்வோம்.

அவன் தங்கை மகள் இப்போது நம் கல்லூரியில் எட்டாம் வகுப்பு. கணக்கு நன்றாகச் செய்கிறாளாம். தோட்டத்து முச்சந்திக்கு முதல் பஸ் காலை ஐந்தரைக்கு. அதை விட்டால் ஏழேகாலுக்குத்தான்.