முகவீணையைக் கீபோர்டில் ஏற்றுகிறேன்

ஏப்ரல் 12, சனி, வேலூர்

எங்கள் பக்கத்து அம்மன் கோயில் கச்சேரிகளில் கூத்துப் பாட்டு ஒன்றிரண்டு கட்டாயம் கேட்பார்கள். அந்த இடம் வந்ததும் கீபோர்டு வாசிக்கிற நாங்கள் எல்லாரும் ஷெனாய் டோனையோ நாதஸ்வர டோனையோ எடுத்து விடுகிறோம். பாட்டு ஓடிவிடும், ஆனால் அது முகவீணை இல்லை. பெயரில் வீணை இருந்தாலும் முகவீணை கூத்தில் ஊதுகிற குழல்; நாதஸ்வரத்தைவிடக் குட்டை, சத்தம் கூர்மை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரனோ அர்ச்சுனனோ உச்சத்தில் பாடும்போது பின்னால் இருந்துகொண்டு அந்தக் குரலோடு ஒட்டியே போகும். வட ஆற்காட்டுக் கூத்தில் விடிய விடிய உட்கார்ந்த காதுக்கு முதல் சுரத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

என் கீபோர்டில் வெளிச்சத்தத்தை ஏற்றி, கீகளில் பரப்பி வாசிக்கிற வசதி (சாம்பிளர்) இருக்கிறது. இதுவரை கைத்தட்டலும் கோயில் மணியும்தான் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கோடையில் முகவீணையை ஒழுங்காக ஏற்றிவிட வேண்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

போன வருஷம் பாரதக் கூத்தில் செல்போனில் எடுத்த பதிவு இருந்தது. பின்னணியில் மிருதங்கம் இல்லாத ஒரே ஒரு நீண்ட சுரம் கிடைத்தது. அதை வெட்டி எல்லாக் கீகளுக்கும் போட்டுப் பார்த்தேன்.

பதிந்த கீயில் முகவீணை. இரண்டு மூன்று கீ தாண்டினால் வேறு ஏதோ. சாம்பிளரில் சுருதி ஏற்றுவது என்றால் பதிவை வேகமாக ஓட்டுவதுதான். அரைச் சுரம், அதாவது பக்கத்துக் கீ அளவு, ஏற வேகம் சுமார் 6 சதவீதம் கூட வேண்டும். ஷட்ஜத்தை (ச) பஞ்சமமாக்க (ப) ஒன்றரை மடங்கு, மேல் ஷட்ஜத்துக்கு இரண்டு மடங்கு. மூன்று விநாடிச் சுரம் பஞ்சமத்தில் இரண்டு விநாடியில் தீர்ந்துபோகிறது. நீளம் குறைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குழலின் உடம்பே சுருங்கின மாதிரி கேட்கிறதே, அதுதான் பொறுக்க முடியவில்லை. ஆகவே ஒரு சுரம் போதாது, பல சுரங்களைத் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

1980களின் நடுவில் கேசியோ எஸ்கே-1 என்று ஒரு சின்னக் கீபோர்டு வந்தது. 32 கீ, உள்ளேயே மைக். பேசினால் அந்தப் பேச்சையே கீயில் வாசிக்கலாம். 8 பிட் துல்லியம், விநாடிக்கு 9,380 மாதிரிகள் (அத்தனை முறை சத்தத்தை அளந்தெடுக்கும்), மொத்தம் 1.4 விநாடி, அவ்வளவுதான் அதன் நினைவகம். மாதிரி எடுக்கிற வேகத்தில் பாதிக்கு மேலே உள்ள அதிர்வு பதிவில் நிற்காது என்பதால், சுமார் 4,690 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் அதில் கேட்காது. முகவீணையை அதில் பதிந்திருந்தால் கூர்மையில் பெரும்பங்கு அங்கேயே போயிருக்கும். இன்றைக்கு 44,100 மாதிரி, 16 பிட் என்பது சாதாரணம். ஆனாலும் வீட்டுக் கீபோர்டில் இந்த விளையாட்டைக் கொண்டுவந்த அந்தக் கருவி மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஏப்ரல் 20, ஞாயிறு

கண்ணமங்கலம் வழியாக ஆரணிப் பக்கம் போய் வந்தேன். கூத்தில் முகவீணை வாசிக்கிற பெரியவர் ஒருவரை, மிருதங்கக்கார அண்ணன் சொல்லி வைத்திருந்தார். முதல் நாள் ராத்திரி கூத்து இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வரச் சொன்னார்.

திண்ணையில் பதிய முடியவில்லை, ரோடு சத்தம். உள் அறையில் கதவை மூடி, சுவருக்குப் பாயும் போர்வையும் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தினோம். வெயில் காலத்தில் மூடிய அறைக்குள் ஒரு வயதானவரை ஊதச் சொல்வது லேசான காரியம் இல்லை. நடுநடுவே கதவைத் திறந்து மோர் குடித்தோம். மைக்கைக் குழலின் வாய்க்கு நேராக வைக்காமல், மூன்றடி தள்ளிப் பக்கவாட்டில் வைத்தேன். நேராக வைத்தால் மேல் சுரங்கள் காதைக் கிழிக்கும், பதிவும் உடைந்துபோகும்.

குழலின் நுனியில் செருகும் நாணல் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டே கேட்டார்: “இன்னா ராகம்பா வாசிக்கணும்?”

“ராகம் வேணாம் ஐயா. ஒவ்வொரு சுரமா, ஆடாம அசையாம, மூச்சு இருக்கிற வரைக்கும் பிடிக்கணும்.”

அவருடைய சுருதி ஐந்து கட்டை, அதாவது ஜி. எனக்கு வேண்டியது மூன்று அரைச் சுரத்துக்கு ஒரு பதிவு: ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம், சதுஸ்ருதி தைவதம், அப்புறம் மேல் ஷட்ஜம். ஒவ்வொரு பதிவும் மேலே ஒரு கீ, கீழே ஒரு கீ மட்டும் நகர்ந்தால் இடைவெளி முழுக்க நிரம்பிவிடும். எந்தச் சுரமும் 6 சதவீதத்துக்கு மேல் இழுபடாது. கணக்குச் சரி. ஆனால் அவருக்கு இந்த வரிசை பிடிக்கவே இல்லை. காந்தாரத்தைத் தொட்டதும் விரல் தானாக அசைந்து, சுரத்தை ஆட்டுகிற கமகம் வந்துவிடுகிறது. நிறுத்துவார், தலையை ஆட்டுவார், மறுபடி பிடிப்பார். “ஆட்டாம பிடிச்சா அது காந்தாரமே இல்லப்பா” என்றார். எனக்கு அவர் சொன்னது முழுக்கச் சம்மதம். அதனால் நேரான சுரங்கள் முடிந்ததும், அவர் மனசுக்கு வந்தபடி சின்னச் சின்னப் பிடிகளை (சுரத் துணுக்குகளை) வாசிக்கச் சொல்லி அவற்றையும் பதிந்துகொண்டேன். முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது.

ஒரு ராத்திரிக் கூத்துக்கு அவர் வாங்குகிற தொகையைக் கொடுத்தேன். அவரைக் கேட்காமல் யாருக்கும் இந்த டோனைத் தருவதில்லை என்றும் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வட்டாரத்தில் டோன்கள் பென் டிரைவில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஊதியவர் யார், அடித்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒலியைக் கொடுத்தவருக்குக் கூலியும் பெயரும் போய்ச் சேர வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆடாசிட்டி என்கிற ஒலி வெட்டும் மென்பொருளில் வெட்டும் வேலை. முன்னால் இருக்கிற மூச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் விட்டு வைத்தேன். எல்லாச் சுரங்களையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, மோனோவாக்கி, வேவ் கோப்பாகச் சேமித்தேன். மோனோ என்றால் விநாடிக்கு 88,200 பைட். ஸ்டீரியோவில் இடம் இரட்டிப்பாகும், இந்தக் குழலுக்கு அது தேவையில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

லூப். இந்த வேலையின் உயிரே இதுதான்.

கீயை அழுத்திக்கொண்டே இருந்தால் சுரம் நிற்காமல் வர வேண்டும். அதற்குப் பதிவின் நடுவில் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். துண்டின் முதலும் கடைசியும், அலை பூஜ்யத்தைக் கடக்கிற புள்ளியில், ஒரே திசையில் கடக்கிற இடத்தில் அமைய வேண்டும். இல்லையென்றால் சுற்றுக்கு ஒரு ‘டிக்’. அந்த ‘டிக்’ போனாலும் வேலை முடியவில்லை. துண்டு மிகச் சிறிதாக இருந்தால் டிக் இல்லை, உயிரும் இல்லை. ஆர்கன் மாதிரி அப்படியே நிற்கிறது. பெரிதாக எடுத்தால் அவர் மூச்சு ஏறி இறங்குவது ஒவ்வொரு சுற்றிலும் அதேபோல் வந்து, கேட்பவருக்குச் சுற்று தெரிந்துவிடுகிறது. ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலான துண்டு, தொடக்கத்திலும் முடிவிலும் சத்தம் ஒரே அளவு, இரண்டும் சேரும் இடத்தில் ஒன்று மெல்லத் தேய்ந்து மற்றது ஏறும்படி கலவை. இப்படிச் செய்தபோது மத்யமம் அழகாக நின்றது. மேல் ஷட்ஜம் இன்னும் படுத்துகிறது.

மே 3, சனி

கமகத்துக்கு, சுருதியை ஏற்றி இறக்குகிற பிட்ச் பெண்ட் சக்கரம். எல்லையை இரண்டு அரைச் சுரமாக வைத்து, இடது கையால் மெல்ல அசைத்தால் ஓரளவு வருகிறது. அவர் வாசித்த பிடிகளைத் தனியாகக் கடைசிக் கீகளில் வைத்தேன். ஆனால் ஒரே பிடியை ஒரு பாட்டில் இரண்டு முறை போட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தடவைதான் போட வேண்டும்.

மே 11, ஞாயிறு

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஆரணிக்கே போய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கீழ்ச் சுரங்களுக்கு “சரிதான்” என்றார். வேகமாக ஒரு வரி வாசித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நாக்கு எங்கப்பா? எல்லாச் சுரமும் வழுக்கிக்கினு வருது.”

துத்துகாரத்தைச் சொல்கிறார். நாக்கால் சீவாளியைத் தட்டிச் சுரத்தைத் தொடங்குவது. நான் பதிந்ததெல்லாம் மூச்சில் மெல்லத் தொடங்கிய சுரங்கள். நாக்கு வைத்துத் தொடங்கும் சுரங்களைத் தனியாகப் பதிந்து இரண்டாவது அடுக்காகப் போட்டால் ஆயிற்று: விரல் மெதுவாக விழுந்தால் மூச்சு, வேகமாக விழுந்தால் நாக்கு. கீயின் வேகத்தைப் பார்த்துக் கருவியே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

அங்கேயே பதியலாம் என்றால் சாயங்காலம் அவருக்குக் கூத்து. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். புதுச் சீவாளி போட்டு வைப்பதாகவும் சொன்னார்.