சைக்கிள் சில்லு சுற்றிய இரவுகள்

இன்று மாலை வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்தை ஒட்டிய கல்லில் அமர்ந்திருந்தபோது, நண்பனின் கைத்தொலைபேசி அரை மணி நேரத்துக்குள் பதினொரு தடவை அதிர்ந்தது.

எல்லாமே எங்கள் ஊர்ச் செய்திகள்; ஒன்றையும் அவன் முழுமையாக வாசிக்கவில்லை.

"அந்த டைனமோ ரேடியோவை நினைத்துப் பார், மச்சான்" என்றான்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சில்லில் டைனமோவைப் பொருத்தி, மிதியைக் கையால் சுற்றிச் சுற்றியே பிபிசி தமிழோசையைக் கேட்டோம். சுற்றுகிற கை சோர்ந்தால் வாசிப்பவரின் குரலும் தாழ்ந்து மங்கிவிடும் என்பதால், முக்கியமான செய்தி வரும்போதெல்லாம் என்னைத் தள்ளிவிட்டு அவனே மிதியைப் பிடித்துக்கொள்வான். முற்றத்தில் கூடியிருந்த அயலவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்கள்.

1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றுபோனது.

செய்தி இன்று விரைவாக வருவதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரே செய்தியை அயல் முழுவதும் ஒன்றாகக் கேட்டு, அது உண்மைதானா என்று விளக்கு வெளிச்சத்தில் நெடுநேரம் பேசிய பிறகே உறங்கப்போன அந்தப் பொறுமையை நாங்கள் இருவருமே இழந்துவிட்டோம் என்பது மனத்தை வருத்துகிறது.

இருட்டியதும் அவன் தொலைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தான்.

எங்கள் வீட்டு முற்றத்து வேம்பு இன்னும் நிற்கிறதா என்று கேட்டான்.